ஹூஸ்டனில் வீடு வாங்குகிறீர்களா? நான் செய்த தவறுகள்

ஹூஸ்டன் இருக்கும் ஹாரிஸ் கவுண்டிக்குப் (மாவட்டம் மாதிரி) புதிதாக வரும் நம்மவர்கள் சொல்லிவைத்தாற்போல ஒன்றைச் சொல்வார்கள்: "சென்னை வெயிலையே பார்த்தாச்சு, இது என்ன?" நானும் அப்படிச் சொன்னவன்தான். தொப்பி போடு, தண்ணீர் குடி என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். கைக்காசு கரைகிற விஷயம் மட்டும் இங்கே.

"எங்க வீடு ஜோன் எக்ஸ், அண்ணா"

அரசின் வெள்ள வரைபடத்தில் ஆபத்து குறைவு என்று குறித்த பகுதிதான் ஜோன் எக்ஸ். போன மாதம் மேற்கே வீடு பேசி முடித்த ஒரு தம்பி இப்படிச் சொன்னதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. 2014-ல் என் ஏஜென்ட்டும் இதையேதான் சொன்னார்: "ஃப்ளட் இன்சூரன்ஸ் கட்டாயமில்லை." கட்டாயமில்லை என்றதை நான் தேவையில்லை என்று காதில் வாங்கிக்கொண்டேன்.

2017 ஆகஸ்ட், ஹார்வி. புயல் கரையேறியது இங்கிருந்து தொலைவில், ராக்போர்ட் என்ற கடலோர ஊர்ப் பக்கம். எங்கள் தெருவில் காற்றுகூடப் பெரிதாக இல்லை. ஆனால் நகராமல் நின்று நாலு நாள் கொட்டியது. வருஷம் முழுக்கப் பெய்வதே சுமார் 50 அங்குலம். சில இடங்களில் அந்த நாலு நாளிலேயே கிட்டத்தட்ட அவ்வளவும் பெய்துவிட்டது. நள்ளிரவில் முதலில் கழிவறை குமிழி விட்டது. பிறகு ஹாலில் கால் வைத்தால் கார்ப்பெட் சளக்கென்றது. செங்கல் சுவரின் அடியில் காற்றுக்கு விட்டிருக்கும் துளைகள் வழியே தண்ணீர் சத்தமில்லாமல் உள்ளே வந்துகொண்டிருந்தது. முழங்கால் அளவுதான். ஆனாலும் சுவர்ப் பலகையை நாலடி உயரத்துக்கு அறுத்துத் தெருவில் குவித்தோம். இந்த ஊர் ஈரத்துக்குப் பூஞ்சை இரண்டு நாளில் ஏறிவிடும்.

வீட்டு இன்சூரன்ஸ்காரர் ஒரே கேள்விதான் கேட்டார்: தண்ணீர் மேலிருந்து வந்ததா, கீழிருந்தா? காற்றில் கூரை பிய்ந்து ஒழுகியிருந்தால் அவர் பொறுப்பு. தரையோடு ஓடிவந்தால் வெள்ளம், அதற்குத் தனி பாலிசி. ஹார்வியில் கவுண்டி முழுக்க நீர் புகுந்த சுமார் 1,54,000 வீடுகளில் மூன்றில் இரண்டு பங்கு, '100 ஆண்டு வெள்ள' எல்லைக்கு வெளியே இருந்தவை. அந்தப் பெயரே ஏமாற்று. வருஷா வருஷம் 1 சதவீத வாய்ப்பு என்பதுதான் அதன் பொருள். 30 வருஷக் கடன் முடிவதற்குள் அது 26 சதவீதம்.

புயல் வளைகுடாவுக்குள் வரட்டும், வாங்கிக்கொள்ளலாம் என்றால் முடியாது. அரசு பாலிசி 30 நாள் கழித்துத்தான் செல்லும். வீட்டுக்கடனோடு சேர்த்து எடுத்தால் அந்தக் காத்திருப்பு இல்லை.

தம்பியின் வீடு பார்க்கர் அணைக்கு மேல்பக்கம். வெள்ளத்தைத் தேக்க 1940-களில் கட்டிய அணை அது. மழையில்லாத நாளில் உள்ளே காடும் பூங்காவும்தான் தெரியும். ஏரிக்குள் மனை வாங்கியிருக்கிறோம் என்று அங்கே பலருக்கும் 2017-ல்தான் தெரிந்தது.

பெரிய ஏசி

சீக்கிரம் குளிர்ந்து நின்றுவிடும், ஈரத்தை இழுக்க நேரமிருக்காது. வீடு சில்லென்றும் இருக்கும், பிசுபிசுவென்றும் இருக்கும்.

"வகை 1 தானே"

காற்றின் வேகத்தை வைத்துப் புயலுக்குத் தரும் ஐந்து வகைகளில் கடைசிப் படி அது. 2024 ஜூலையில் வந்த பெரில் புயலும் வகை 1தான். இருபது லட்சம் இணைப்புகளுக்கு மேல் கரண்ட் போனது.

குளிரே கிடையாது

2021 பிப்ரவரி: மைனஸ் 10 டிகிரி. வெளிக்குழாய்க்கு உறை போடுங்கள்.

தேங்கிய நீரில் காரை இறக்குவது

வேண்டாம்.