வீட்டுக்குள் திருக்கைக் குளம்: தண்ணீர் நிற்கும் நாளிலிருந்து கணக்குப் போடுங்கள்

திருக்கை என்றதும் நம் வீடுகளில் முதலில் மணப்பது குழம்புதான். கோலாலம்பூர் செந்தூலில் என் வீட்டுப் பின்கட்டில் திருக்கைக்குக் குளம் கட்டப் போகிறேன் என்றபோது பக்கத்து வீட்டு அங்கிள் கேட்ட ஒரே கேள்வி, "இக்கான் பக்காருக்கு, நெருப்பில் சுட்டுச் சாப்பிட, ஆகுமா தம்பி?" ஆகாது அங்கிள். இது கடல் திருக்கை இல்லை. தென் அமெரிக்க ஆறுகளில் வாழும் நன்னீர்த் திருக்கை.

நான் செய்த முதல் தப்பு, மீனை முதலில் வாங்கியது. உள்ளங்கை அகலத்தில் அழகாக இருந்தது. நான்கு அடிக் கண்ணாடித் தொட்டியில் விட்டேன். ஒரு வருடம் ஆவதற்குள் அது திரும்பினால் மூக்கு ஒரு கண்ணாடியில், வால் இன்னொரு கண்ணாடியில். அந்த அவசரத்தில்தான் 2020 செப்டம்பர் வந்தது. ரவாங் பக்கம் சுங்கை கோங்கில் மாசு கலந்ததால் நான்கு நீர் சுத்திகரிப்பு நிலையங்களை மூடினார்கள். கிள்ளான் பள்ளத்தாக்கில் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளுக்குத் தண்ணீர் இல்லை. குளிக்கவே வாளி தேடும் நாளில் மீனுக்கு எங்கே தண்ணீர் மாற்றுவது? திருக்கையின் உடல் ஓரம் மேல்நோக்கிச் சுருள ஆரம்பித்தது. வேறு வட்டாரத்தில் இருந்த நண்பர் வீட்டிலிருந்து காரில் கேன் கேனாகச் சுமந்து எப்படியோ பிழைக்க வைத்தேன்.

அதனால் இந்த விளக்கத்தில் குளத்தின் அழகைப் பற்றி அதிகம் இருக்காது. தண்ணீர் நிற்கும் நாள், கரண்ட் போகும் நாள், நீங்கள் ஊரில் இல்லாத நாள் ஆகிய மூன்றையும் தாங்கும் குளத்தை எப்படித் திட்டமிடுவது என்பதுதான் விஷயம்.

முதல் படி: எந்தத் திருக்கை?

புதியவர்களுக்கு மோட்டோரோ என்ற வகை போதும். பழுப்பு உடம்பில் மஞ்சள் வளையங்கள் இருக்கும். மற்ற வகைகளைவிடக் கொஞ்சம் பொறுத்துப் போகும். கறுப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளி வைத்த லியோபோல்டி பிரேசிலின் சிங்கு ஆற்று வகை. பார்த்தால் கண் எடுக்க முடியாது, விலையும் அப்படித்தான். அதையும் ஹென்லி வகையையும் 2022 நவம்பரில் பனாமாவில் நடந்த மாநாட்டில் சைட்டிஸ், அதாவது அரிய உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தத்தின், இரண்டாம் பட்டியலில் சேர்த்தார்கள். ஆகவே அவற்றை வாங்குவதாக இருந்தால் எங்கே பிறந்தது, தாள்கள் உண்டா என்று கடையில் கேளுங்கள். சந்தேகம் இருந்தால் மீன்வளத் துறையிடமே கேட்டுவிடலாம். 'டீ கப்' திருக்கை என்று விற்பதை நம்ப வேண்டாம். அது கப்பில் அடங்கும் வயதில் இருக்கும் குட்டி, அவ்வளவுதான்.

இரண்டாம் படி: அளவு

திருக்கைக்கு ஆழம் முக்கியமில்லை, தரைதான் முக்கியம். வளர்ப்பில் மோட்டோரோவின் தட்டு, அதாவது வால் நீங்கலான வட்ட உடம்பு, அரை மீட்டர் வரை வரும். பெண் ஆணைவிடப் பெரியது. குளத்தின் அகலம் வளர்ந்த தட்டின் இரண்டு மடங்குக்குக் குறையக் கூடாது. நான் மூன்று மடங்கு என்று வைத்துக்கொள்கிறேன், வாலும் மடங்காமல் திரும்ப வேண்டுமே.

ஒரு ஜோடிக்கு நான் சொல்லும் அளவு 8 அடி நீளம், 5 அடி அகலம், 20 அங்குல நீர். கணக்குப் போட்டால் ஏறத்தாழ 1,880 லிட்டர். சுவரை மட்டும் 30 அங்குலத்துக்கு உயர்த்துங்கள். சாப்பாட்டு நேரத்தில் திருக்கை சுவரோடு ஒட்டி மேலே ஏறி வரும். விளிம்பு வரை நீர் நிரப்பினால் ஒரு நாள் அதைத் தரையில்தான் பார்ப்பீர்கள். வீட்டில் பூனை இருந்தால் வலை மூடியும் போடுங்கள்.

மூன்றாம் படி: இடமும் எடையும்

ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ. மேலே சொன்ன குளத்தில் ஒரு சதுர மீட்டருக்கு 500 கிலோவுக்கு மேல் நீர் மட்டுமே நிற்கும். வீடுகளின் தளங்களை வழக்கமாக ஒரு சதுர மீட்டருக்கு 150 முதல் 200 கிலோ தாங்குமாறுதான் கட்டுகிறார்கள். ஆக, கொண்டோ, பிளாட், மாடி அறை எல்லாம் இங்கேயே கழன்றுவிடும். டெரஸ் வீட்டின் கீழ்த்தளம்தான் இடம். அதிலும் கார் போர்ச்சும் பிற்பாடு நீட்டிக் கட்டிய சமையல் கட்டும் பல தாமான்களில் மெல்ல இறங்குவதைப் பார்த்திருப்பீர்கள். டைல்ஸில் விரிசலோ சுவரோரம் இடைவெளியோ இருந்தால் கட்டட எஞ்சினியர் ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டாமல் செங்கல் இறக்காதீர்கள்.

பின்கட்டில் பாலிகார்பனேட் கூரை போட்டவர்கள் மதியம் மூன்று மணிக்கு அதன் அடியில் நின்று பாருங்கள். திருக்கைக்கு 26 முதல் 29 டிகிரி போதும். கோலாலம்பூரில் ஹீட்டரே வேண்டாம், நம் கவலை சூடு கூடுவதுதான். நீர் சூடாக ஆக அதில் கரையும் ஆக்சிஜன் குறையும்.

நான்காம் படி: எதில் கட்டுவது?

ஃபைபர் தொட்டி கிடைத்தால் அதுவே நல்லது. வழவழப்பாக இருக்கும், வீடு மாறினால் லோரியில் ஏற்றலாம். செங்கல், சிமெண்ட் என்றால் உள்பக்கம் நீர்க்காப்புப் பூச்சு முழுசாக வேண்டும். பச்சைச் சிமெண்டிலிருந்து சுண்ணாம்பு கசிந்து பிஎச் ஏறும், சொரசொரப்பான தரை திருக்கையின் வயிற்றைத் தேய்க்கும். மூலைகளை வளைவாகப் பூசச் சொல்லுங்கள். கொன்ட்ரக்டரிடம் 'கோலம்' என்றால் போதும், புரிந்துகொள்வார். மலாய்க்காரர்கள் நம் குளத்தை வாங்கிக் கோலமாக்கிவிட்டார்கள். என் அம்மாவுக்குத்தான் குழப்பம், வாசலில் போடுவதைப் பின்கட்டில் ஏன் போடுகிறான் என்று.

தரையில் மணல் போட வேண்டுமா? ஆற்றில் அது மணலில் புதைந்து கண்ணை மட்டும் வெளியே நீட்டிக் கிடக்கும். குட்டிக்கு அந்த மறைவு நிம்மதி. ஆனால் அடியில் வடிகால் வைத்த குளத்தில் வெறும் தரைதான் சுத்தம் செய்ய எளிது. நான் ஒரு மூலையில் மட்டும் மெல்லிய மணல் தட்டு வைத்திருக்கிறேன். வடிகால் வாய்க்கும் பம்பு வாய்க்கும் சல்லடை மூடி கட்டாயம், வால் உள்ளே போய் மாட்டும்.

ஐந்தாம் படி: வடிகட்டியும் சேமிப்பு நீரும்

நன்றாகச் சாப்பிடும், அதற்கேற்ப அழுக்கும் செய்யும் மீன் இது. அம்மோனியாவைக் கொஞ்சமும் தாங்காது. குளத்தின் கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்காவது, அதாவது 400 லிட்டர் அளவில், சம்ப் தொட்டி வையுங்கள். குளத்து நீர் வழிவாய் வழியே இதில் இறங்கி, சுத்தமாகி, பம்பு வழியே குளத்துக்குத் திரும்பும். முதல் அறையில் பிரஷும் பாயும் அழுக்கைப் பிடிக்கட்டும். அடுத்ததில் கே1 என்ற பிளாஸ்டிக் மணிகளோ செராமிக் வளையங்களோ நுண்ணுயிர் குடியிருக்க. பம்பு மணிக்கு ஐந்து முறை குளத்து நீரைச் சுழற்ற வேண்டும், அதாவது 9,000 லிட்டர் பக்கம். பெட்டியில் அச்சிட்ட எண் உயரம் ஏற ஏறக் குறையும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

பம்பு நின்றால் என்ன ஆகும்? வழிவாயின் மட்டம் வரை குளத்து நீர் சம்ப்புக்கு இறங்கிவரும். இந்தக் குளத்தில் 2 சென்டிமீட்டர் இறங்கினாலே 74 லிட்டர். சம்ப்பில் அந்த அளவு காலி இடம் இல்லையென்றால் அது தரைக்கு வரும். எங்கள் வீட்டில் அரிசி மூட்டை வரைக்கும் வந்தது. மீன் விடுமுன் பம்பை நிறுத்தி நிறுத்திச் சோதித்துப் பாருங்கள்.

வாரம் 40 சதவீதம் நீர் மாற்றுவது என் வழக்கம். 750 லிட்டர். இதற்காகத்தான் 200 கேலன் பாலி டாங்க், 900 லிட்டர் பிடிக்கும். குழாய் நீரை நிரப்பி, குளோரின் நீக்கி ஊற்றி, காற்றுக் கல் போட்டு ஒரு நாள் வைத்த பிறகே குளத்துக்கு. தண்ணீர் நின்றுபோன வாரத்தில் இந்த டாங்க்தான் உயிர். அப்போது சாப்பாட்டையும் நிறுத்திவிடுங்கள். வளர்ந்த திருக்கை மூன்று நான்கு நாள் பட்டினியைத் தாங்கும், அம்மோனியாவைத் தாங்காது. குழாய் திரும்ப வரும்போது முதலில் வரும் பழுப்பு நீரைச் சேமிக்காதீர்கள், வடிய விடுங்கள்.

டாங்க்குக்கு இறுக்கமான மூடி வேண்டும். ஏடிஸ் கொசுப்புழு கண்டால் 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி அபராதம் உண்டு. குளத்தையும் கவனியுங்கள், திருக்கை அடியிலேயே கிடப்பது, மேலே நெளியும் புழுவைத் தேடி வராது.

இன்னொன்று, நம் குழாய் நீர் மென்மையானது. வடிகட்டியின் நுண்ணுயிர்கள் வேலை செய்யச் செய்ய நீரின் காரத்தன்மை தீர்ந்து பிஎச் சரியும். சம்ப்பில் ஒரு வலைப்பை நிறையப் பவளத் துண்டு போட்டு, வாரம் ஒருமுறை பிஎச் பாருங்கள். 6.5க்கும் 7.5க்கும் நடுவில் நிலையாக இருந்தால் சரி.

ஆறாம் படி: கரண்ட்

மாலை இடி இடித்தால் இஎல்சிபி, அதாவது மின்கசிவு கண்டால் கரண்டை நிறுத்தும் சுவிட்ச், விழும் ஊர் இது. பம்பையும் காற்று மோட்டாரையும் ஒரே சர்க்யூட்டில் மாட்டாதீர்கள். உரிமம் உள்ள வயர்மேனை வைத்து இரண்டுக்கும் தனித்தனி 30 மில்லி ஆம்பியர் மின்கசிவுப் பாதுகாப்பு போடுங்கள். கரண்ட் போனதும் தானாக ஓடும் பேட்டரி காற்று மோட்டார் ஒன்றும் இருக்கட்டும். தீபாவளிக்கு ஊருக்குப் போயிருக்கும்போது இடி விழுந்தால், வந்து சேரும் வரை அதுதான் காவல். வயர்கள் சாக்கெட்டைவிடக் கீழே தொங்கி மேலேறட்டும், வழியும் துளி சாக்கெட்டுக்குப் போகாது.

ஏழாம் படி: காத்திருந்து, பிறகு மீன்

குளத்தில் நீர் விட்டதும் மீன் விடலாம் என்றால் முடியாது. கோய் மீன் வளர்க்கும் நண்பரிடம் பழைய வடிகட்டிப் பஞ்சு ஒன்று வாங்கிச் சம்ப்பில் போடுங்கள், வலைப்பையில் இரண்டு பச்சை இறாலைப் போட்டு அழுக விடுங்கள். நாலு முதல் ஆறு வாரம். அம்மோனியா ஏறி இறங்கி, நைட்ரைட் ஏறி இறங்கி, இரண்டும் பூஜ்யத்தில் நின்றால்தான் குளம் தயார். அதன்பின் நைட்ரேட் லிட்டருக்கு 40 மில்லிகிராமைத் தாண்டாமல் நீர் மாற்றிக்கொண்டே போக வேண்டும்.

கடையில் குட்டியைப் பார்க்கும்போது உணவு போடச் சொல்லுங்கள். சாப்பிடாததை வாங்காதீர்கள். தட்டின் ஓரம் சுருண்டோ, வாலடியில் எலும்பு துருத்தியோ இருந்தால் கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள். ஆணைக் கண்டுபிடிப்பது சுலபம். வால் தொடங்கும் இடத்தில் இரண்டு குழல் உறுப்புகள் குட்டியிலேயே தெரியும்.

துணைக்கு இக்கான் பண்டாராயா, தொட்டிக் கண்ணாடியில் ஒட்டிப் பாசி சப்பும் மீன், விடலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். கூடாது. மாநகராட்சி பெயரை வைத்துக்கொண்டு குப்பை அள்ளுவதாகச் சொல்லும், இரவில் திருக்கையின் முதுகில் ஒட்டிக்கொண்டு வழவழப்பைச் சப்பும். செம்பு கலந்த மருந்தும் கூடாது. வளர்க்க முடியாமல் போனால் ஏரியிலும் ஆற்றிலும் விட்டுவிடாதீர்கள். சிங்கப்பூரின் அப்பர் சிலேத்தார் நீர்த்தேக்கத்தில் யாரோ விட்ட மோட்டோரோ குட்டி போட்டுப் பெருகிவிட்டது.

வாலில் உள்ள முள் நஞ்சுள்ளது, விழுந்தாலும் புதிதாக முளைக்கும். குளத்தில் வெறும் கையை விடாதீர்கள், உள்ளே இறங்கும் வேலையென்றால் மீனை வலைக்குப் பதில் அகன்ற பிளாஸ்டிக் தொட்டியில் ஒதுக்குங்கள், வலையில் முள் சிக்கும். குத்திவிட்டால் தாங்கக்கூடிய வெந்நீரில், ஏறத்தாழ 45 டிகிரி, அந்த இடத்தை அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் வரை முக்கி வையுங்கள். சூட்டில் நஞ்சு வலுவிழக்கும். வலி குறைந்தாலும் மருத்துவமனைக்குப் போய்க் காட்டியே ஆக வேண்டும், உள்ளே முள் துண்டு தங்கும், சதை அழுகும்.

மீன் வந்த நாளில் பையைத் திறந்து வாளியில் விட்டு, குளத்து நீரை மெல்லிய குழாயில் சொட்டுச் சொட்டாக ஒரு மணி நேரம் விடுங்கள். விளக்கை அணைத்துவிட்டுக் குட்டியைக் குளத்தில் இறக்குங்கள். அன்றைக்கு உணவு வேண்டாம். மறுநாள் மாலை தோல் உரித்த இறாலைச் சுண்டு விரல் நகம் அளவுக்கு வெட்டி நாலு துண்டு போட்டு, பத்து நிமிடம் கழித்துப் பார்த்து, மீதி கிடந்தால் எடுத்துவிடுங்கள்.