அன்றைய பயம் இன்றைய உடம்பில் வரும்போது என்ன செய்வது?

சிறுவயதில் பாலியல் கொடுமைக்கு ஆளானவர்களுக்கு முப்பது, நாற்பது வயதில் வரும் தொல்லைகள், அந்தச் சம்பவத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டு வருவதில்லை. பின்னால் யாராவது வந்து நின்றால் தூக்கிவாரிப் போடும். ஒரு தலைத்தைல வாசனைக்கு வயிற்றைப் புரட்டும். கணவனோ மனைவியோ அன்பாகத் தொட்டாலும் உடம்பு மரத்துப்போகும். தூக்கம் கெடும், கோபம் பொங்கும், 'நான் அழுக்கு' என்ற எண்ணம் விடாது. எல்லோருக்கும் எல்லாமும் வருவதில்லை. பல அறிகுறிகள் சேர்ந்து ஆண்டுக்கணக்கில் நீடித்தால் அதை 'சிக்கலான பிடிஎஸ்டி' (பேரதிர்ச்சிக்குப் பின் நீடிக்கும் மனநலக் கோளாறு) என்று உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடு தனியாகவே குறிப்பிடுகிறது. சிகிச்சை உண்டு.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். கத்தாமல் உறைந்து போனது சம்மதம் அல்ல. தப்ப வழியில்லாதபோது மூளை தானாகச் செய்யும் செயல் அது. அப்போது உடம்பு கிளர்ச்சி காட்டியிருந்தால் அதுவும் அனிச்சைதான். பலர், குறிப்பாக ஆண்கள், இந்த ஒரு விஷயத்தாலேயே வாயே திறப்பதில்லை. இந்திய அரசு 2007இல் வெளியிட்ட ஆய்வில், பாலியல் கொடுமைக்கு ஆளானதாகச் சொன்ன குழந்தைகளில் பாதிக்கு மேல் ஆண் பிள்ளைகள்.

ஃப்ளாஷ்பேக், அதாவது பழைய சம்பவம் இப்போதே நடப்பதுபோல மனத்தில் ஓடுவது, வரும்போது கண்ணை மூடாதீர்கள். மூடினால் பழைய காட்சிதான் தெளிவாகும். இரண்டு பாதங்களையும் தரையில் அழுத்துங்கள். இன்றைய தேதி, உங்கள் வயது, இருக்கும் ஊர் மூன்றையும் வாய்விட்டுச் சொல்லுங்கள்: "எனக்கு 34 வயசு. இது என் வீடு. கதவை நான் திறக்க முடியும்." கண்ணில் படும் நீல நிறப் பொருள்கள் ஐந்தின் பெயரைச் சொல்லுங்கள். மணிக்கட்டில் குளிர்ந்த தண்ணீர் விடுங்கள். மூச்சை 4 எண்ணும்வரை இழுத்து, 6 எண்ணும்வரை விடுங்கள், பத்து முறை. சிலருக்கு மூச்சைக் கவனிப்பதே பதற்றத்தைக் கூட்டும். அப்படியானால் அதை விட்டுவிட்டுப் பாதங்களை அழுத்துவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இது பலிக்காமல் போவதற்குப் பொதுவான காரணம், பதற்றத்தில் மட்டும் செய்து பார்ப்பது. அமைதியாக இருக்கும் நேரத்தில் தினம் இரண்டு வேளை, இரண்டு வாரம் பழகுங்கள். இரவில்தான் அதிகம் என்றால் சிறு விளக்கு எரியட்டும். இந்தப் படிகளை ஒரு அட்டையில் எழுதித் தலைமாட்டில் வையுங்கள்.

ஒரு நோட்டில் குறிப்பு எழுதுங்கள், மூன்றே வரி: எப்போது வந்தது, அதற்குச் சற்று முன் என்ன (வாசனை, குரல், தொடுகை), உடம்பில் எங்கே. பழைய சம்பவத்தைத் தனியாக உட்கார்ந்து எழுதித் தீர்க்க முயல வேண்டாம். பிடித்துக்கொள்ள ஆள் இல்லாமல் கிணற்றில் இறங்குவது போன்றது அது.

பல் மருத்துவரின் நாற்காலி, மகப்பேறு பரிசோதனை, பிறப்புறுப்பு வழியாகச் செய்யும் ஸ்கேன் இவற்றைப் பயந்தே ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போடுகிறவர்கள் உண்டு. காரணம் சொல்ல வேண்டியதில்லை. "எனக்குப் பரிசோதனை என்றால் பயம். ஒவ்வொன்றையும் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். நான் கை தூக்கினால் நிறுத்துங்கள்" என்று உடை மாற்றும் முன்பே சொல்லிவிடுங்கள். துணைக்கு ஒருவரை உள்ளே வைத்துக்கொள்ளக் கேட்கலாம்.

இதைவிடக் கடினம் குடும்ப விசேஷம். கொடுமை செய்தவர் பந்தியில் உட்கார்ந்திருப்பார். "பெரியவர், காலில் விழுந்து கும்பிடு" என்பார்கள். போகாமல் இருக்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. போவதானால், விஷயம் தெரிந்த ஒருவரோடு போங்கள், சொந்த வண்டியில் போங்கள், கிளம்பும் நேரத்தை முன்கூட்டியே சொல்லிவையுங்கள். உங்கள் குழந்தைகளை அவரோடு ஒரு நிமிடம்கூடத் தனியே விடாதீர்கள். 'மன்னித்துவிடு' என்பவர்களுக்குப் பதில் சொல்லக் கடமை இல்லை.

தெரப்பிக்கு ஆள் தேடும்போது மூன்று கேள்வி கேளுங்கள்: இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் (ஆர்சிஐ) பதிவு பெற்ற மருத்துவ உளவியலாளரா, பாலியல் கொடுமைக்கு ஆளான பெரியவர்களோடு வேலை செய்திருக்கிறாரா, என்ன முறை. அதிர்ச்சியை மையமாகக் கொண்ட சிபிடி (எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் பேச்சுச் சிகிச்சை), ஈஎம்டிஆர் (கண் அசைவுகளோடு நினைவைக் கையாளும் சிகிச்சை) இரண்டும் ஆய்வில் நின்றவை. முதல் சந்திப்பிலேயே முழுக் கதையையும் கேட்டுக் குடைகிறவரிடமிருந்து விலகுங்கள். முதலில் மனத்தை நிலைப்படுத்தாமல் தோண்டினால் தூக்கமின்மையும் தற்கொலை எண்ணமும் கூடலாம். மனநல மருத்துவர் செர்ட்ரலின் போன்ற மாத்திரை தந்தால், பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். பத்தாம் நாளே நிறுத்திவிடாதீர்கள். தூக்க மாத்திரையையும் மதுவையும் இதற்கு மருந்தாக்கினால் பழக்கம்தான் மிஞ்சும். சாக வேண்டும் என்று தோன்றும் இரவில் 14416, அரசின் மனநல உதவி எண் டெலி மனஸ்: கட்டணமில்லை, 24 மணி நேரமும் உண்டு, தமிழிலும் பேசலாம்.

போலீஸ் புகார் பற்றி: குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம், 2012 நவம்பர் 14 முதல் நடந்த குற்றங்களுக்கே பொருந்தும். அதற்கு முந்தையவை பழைய தண்டனைச் சட்டத்தின்கீழ் வரும். பாலியல் வல்லுறவு போன்ற பெரிய குற்றங்களுக்குக் காலவரம்பு இல்லை, சிறிய தண்டனைக்குரிய சிலவற்றுக்கு உண்டு. ஆகவே ஆண்டையும் உங்கள் அப்போதைய வயதையும் குறித்துக்கொண்டு வழக்கறிஞரைப் பாருங்கள். ஃப்ளாஷ்பேக் உலுக்கிய வாரத்தில் மட்டும் புகார் கொடுப்பதா என்ற முடிவை எடுக்காதீர்கள்.