கேஎஸ்எம்பிடியில் பிழைப் பதிலைச் சரிசெய்வது

லினக்ஸ் 5.15-இலிருந்து கெர்னலுக்குள்ளேயே இயங்கும் எஸ்எம்பி (நெட்வொர்க்கில் ஃபைல்களைப் பகிரும் நெறிமுறை) சர்வர் கேஎஸ்எம்பிடி. இதில் அடிக்கடி நேரும் கோளாறு: கோரிக்கை தோற்றால் ஹேண்ட்லர் (கோரிக்கையைக் கையாளும் ஃபங்ஷன்) ஹெடரில் ஸ்டேட்டஸை (முடிவைச் சொல்லும் எண்; 0 என்றால் வெற்றி) மட்டும் மாற்றிவிடும், அதன் பின்னால் வரும் பகுதி வெற்றிப் பதிலின் வடிவிலேயே நிற்கும்.

பிழைப் பதிலின் அளவை முதலில் மனதில் வையுங்கள். ஹெடர் 64 பைட். அடுத்து ஸ்ட்ரக்சர் சைஸ் 2 பைட் (மதிப்பு 9), எரர் கான்டெக்ஸ்ட் கவுன்ட் 1, ரிசர்வ்ட் 1, பைட் கவுன்ட் 4, எரர் டேட்டா 1. மொத்தம் 73. பைட் கவுன்ட் 0 ஆனாலும் அந்தக் கடைசி பைட்டில் 0 எழுதுங்கள். விட்டால் பஃபரில் கிடந்த பழைய தரவு வெளியே போய்விடலாம். டிசிபியில் முன்னால் போகும் 4 பைட் நீளம் இந்தக் கணக்கில் சேராது.

ஹேண்ட்லரில் தோல்விப் பாதைகள் எல்லாம் ஒரே லேபிளுக்கு வரட்டும். அங்கே எர்நோவை (கெர்னல் தரும் பிழை எண்) பார்த்து ஸ்டேட்டஸ் வையுங்கள், அதன் பிறகே பிழைப் பதில் ஃபங்ஷனை அழையுங்கள். எதற்கும் பொருந்தாத எர்நோவுக்கும் ஒரு பொது ஸ்டேட்டஸ் வேண்டும். ஸ்டேட்டஸ் 0 ஆகவே போனால், கிரியேட் பதிலில் 89 என்ற சைஸை எதிர்பார்க்கும் கிளையன்ட் 9-ஐப் பார்த்துப் பதிலையே நிராகரிக்கும்.

'ஸ்டேட்டஸ் 0 இல்லையென்றால் பிழை' என்று பொதுவாக எழுதிவிடாதீர்கள். பலரும் சறுக்குவது இங்கேதான். செஷன் செட்டப்பில் (பயனர் உள்நுழையும் கட்டம்) 'மோர் பிராசஸிங் ரிக்வயர்ட்' வரும்போது அடையாளச் சரிபார்ப்புக்கான டோக்கனும் கூடவே போக வேண்டும். ரீடில் 'பஃபர் ஓவர்ஃப்ளோ' வந்தால் பாதித் தரவு போக வேண்டும். செஷன் செட்டப் பதிலின் சைஸும் 9 என்பதால், ட்ரேஸில் அந்த எண்ணை மட்டும் வைத்து முடிவுகட்டவும் முடியாது.

காம்பவுண்ட் கோரிக்கையில் (பல கோரிக்கைகள் ஒன்றாக வருவது) பஃபரின் தொடக்கத்தில் எழுதினால் முந்தைய பதில் அழியும்; அடுத்த ஹெடரின் இடத்தில் எழுதுங்கள். ஒவ்வொரு பதிலும் 8 பைட் எல்லையில் தொடங்க வேண்டும், ஆகவே பின்னால் இன்னொரு பதில் இருந்தால் 73 பைட் 80 ஆகும். கையொப்பம் இதற்கெல்லாம் பிறகுதான்.

பதிலை ஐஓவியில் (அனுப்ப வேண்டிய பஃபர்களின் பட்டியல்) 'பின்' செய்வது, அதாவது சேர்ப்பது, ஹேண்ட்லரின் கடைசி வேலையாக இருக்கட்டும். அதற்குப் பிறகு ஏதாவது தோற்றால் வெற்றிப் பதிலும் பிழைப் பதிலும் ஒன்றாகக் கிளம்பிவிடும். 'பின்' செய்வதே தோற்றால் எதையும் அனுப்பாதீர்கள். பிழைப் பதிலிலும் கிரெடிட் (கிளையன்ட் இன்னும் எத்தனை கோரிக்கை அனுப்பலாம் என்ற அனுமதி) கொடுக்க மறக்காதீர்கள். கிரெடிட் தீர்ந்தால் கிளையன்ட் அப்படியே நின்றுவிடும்.

சோதிக்க, கேசான் (நினைவகப் பிழைகளைக் காட்டும் கருவி) போட்ட கெர்னலில் இல்லாத ஃபைலைத் திறந்து பாருங்கள், அனுமதியில்லாத பயனராகவும் முயலுங்கள். 445 போர்ட்டை டிசிபிடம்பில் பிடித்து, 73 பைட்டையும் வயர்ஷார்க்கில் ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள்.