போர்டு நள்ளிரவில் நின்றால்: கெர்னல் பேனிக்கின் முதல் பிழையைத் தேடிப் பிடிக்கும் வழி

பரங்கிப்பேட்டைப் பக்கம் மாமாவின் இறால் குட்டையில் ஒரு ராஸ்பெர்ரி பை போர்டு, அதாவது கையடக்கக் குட்டிக் கணினி, வைத்திருக்கிறேன். தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனை அளந்து, குறைந்தால் போனுக்குச் செய்தி அனுப்பும். ஆக்சிஜன் ரொம்ப இறங்குவது விடியலுக்குச் சற்று முன்புதான். அந்த நேரம் பார்த்து போர்டு நின்றால் தண்ணீரில் காற்றைக் கலக்கும் ஏரேட்டரைப் போட யாரும் எழ மாட்டார்கள். போன மழைக்காலத்தில் மூன்று இரவு அப்படி நின்றது. மூன்று முறையும் மாமா பிளக்கைப் பிடுங்கிச் சொருகினார், போர்டு ஓடியது, காரணம் மட்டும் தெரியாமலே போனது.

அதனால் முதல் பாடம்: பிளக்கைப் பிடுங்காதீர்கள். "மாமா, தொடாதீங்க, நான் வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுக் கடலூரில் பஸ் ஏறினேன். டிவியை இணைத்துப் பார்த்தால் கடைசி வரியில் கெர்னல் பேனிக் (இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல் மேலே போக முடியாமல் நிற்பது), ரூட் கோப்பு முறையை மவுண்ட் செய்ய முடியவில்லை, அதாவது கார்டில் உள்ள முதன்மைக் கோப்புகளைத் திறக்க முடியவில்லை என்று இருந்தது. எஸ்டி கார்டு கெட்டது என்று முடிவுகட்டிப் புதுக் கார்டு போட்டேன். எட்டே நாளில் அதே கதை. கடைசி வரியை மட்டும் படித்தது என் தவறு.

படி 1: சீரியல் கன்சோல்

திரையில் கடைசிச் சில வரிகள்தான் நிற்கும். முழு லாக்கும் (கெர்னல் எழுதும் செய்திப் பதிவு) வேண்டுமென்றால், போர்டு வயர் வழியே அனுப்பும் எழுத்துகளை லேப்டாப்புக்குக் கொண்டுவரும் யுஎஸ்பி-டிடிஎல் கன்வெர்ட்டர் ஒன்று வாங்குங்கள். 3.3 வோல்ட் வகையாக இருக்க வேண்டும். 5 வோல்ட் சிக்னல் போர்டின் ஓரத்து வரிசையில் இருக்கும் 'பின்' என்ற இணைப்பு ஊசியையே எரித்துவிடும். கன்வெர்ட்டரின் கிரவுண்டை 6-ஆம் பின்னிலும், ஆர்எக்ஸை (கேட்கும் வயர்) 8-இலும், டிஎக்ஸை (பேசும் வயர்) 10-இலும் சொருகுங்கள். ஒரு பக்கம் பேசுவதை மறுபக்கம் கேட்க வேண்டும், அதனால்தான் இந்த மாற்றிப் போடுதல். பவர் வயரை எதிலும் சொருகாமல் விட்டுவிடுங்கள்.

கார்டின் பூட் பகுதியில் உள்ள கான்ஃபிக் (அமைப்பு) கோப்பில், இந்தப் பின்கள் வழியே எழுத்தை அனுப்பும் யுஏஆர்டியை இயக்கும் வரியைச் சேருங்கள். கெர்னல் தொடங்கும்போது படிக்கும் கட்டளை வரியில், செய்திகளை மறைக்கும் 'குவயட்' என்ற சொல் இருந்தால் எடுத்துவிடுங்கள். லேப்டாப்பில், வயரில் வரும் எழுத்துகளைக் காட்டும் புட்டி மென்பொருளைத் திறந்து, வேகம் 115200 என்று வைத்து, லாக்கைக் கோப்பில் சேமிக்கும் வசதியையும் போட்டுவிடுங்கள். அப்புறம் இரவு முழுக்க அப்படியே ஓடட்டும்.

படி 2: மேலிருந்து படியுங்கள்

கெர்னல் இரண்டு விதமாக விழும். 'ஊப்ஸ்' என்றால் தவறு செய்த புரோகிராமை மட்டும் கொன்றுவிட்டுத் தட்டுத்தடுமாறி ஓடும். பேனிக் என்றால் மொத்தமாக நின்றுவிடும். பல நேரம் ஊப்ஸ் முதலில் வரும், பேனிக் பின்னால் வரும். காரணம் முதலாவதில்தான் இருக்கும்.

மவுண்ட் பிழையில் அடைப்புக்குள் இரண்டு எண்கள் வரும். 0,0 என்றால் கெர்னலுக்குக் கார்டே கண்ணில் படவில்லை: டிரைவர் (கருவியைக் கெர்னலோடு பேச வைக்கும் மென்பொருள்) இல்லை, அல்லது ரூட் எங்கே என்று சொல்லும் வரி தவறு. 179,2 என்றால் கார்டில் இரண்டாவது பார்ட்டிஷன் (பிரிவு) கிடைத்துவிட்டது, உள்ளே இருப்பதைத்தான் படிக்க முடியவில்லை. டிவியில் எங்களுக்கு வந்தது 179,2.

ஊப்ஸில், கெர்னல் எந்த இடத்தில் விழுந்தது என்று சொல்லும் 'பிசி' என்று தொடங்கும் வரியைத் தேடுங்கள். அங்கே ஒரு ஃபங்ஷன் (நிரலின் ஒரு துண்டு) பெயரும், பக்கத்தில் 0எக்ஸ்1சி/0எக்ஸ்90 போல பதினாறடிமான எண்களின் ஒரு ஜோடியும் இருக்கும். 0எக்ஸ்90 பைட் நீளமுள்ள அந்த ஃபங்ஷனில் 0எக்ஸ்1சி-ஆவது பைட்டில் விழுந்தது என்று பொருள். அதற்கடுத்து சதுர அடைப்பில் மாட்யூல் (கெர்னலில் தனியாகச் சேரும் பகுதி, பெரும்பாலும் ஒரு டிரைவர்) பெயர் இருந்தால், முதல் சந்தேகம் அந்த டிரைவர் மேல்தான்.

படி 3: பவரை அளந்து பாருங்கள்

லாக் பாதி வரியில் அறுந்து நிற்கிறது, பேனிக் என்ற சொல்லே இல்லை என்றால் முதலில் கரண்டைச் சந்தேகப்படுங்கள். இரவில் சீரியலில் பிடித்த எங்கள் லாக்கில் அப்படித்தான் இருந்தது. அதிகாலை 3 மணி வாக்கில் போர்டில் சொருகியிருந்த 4ஜி டாங்கிள் (சிம் போடும் இணையக் கருவி) செய்தி அனுப்பத் தொடங்கிய உடனே 'அண்டர்-வோல்டேஜ்' (மின்னழுத்தக் குறைவு) எச்சரிக்கை, இரண்டு வரி தள்ளி பாதிச் சொல்லில் லாக் முடிந்துவிட்டது. ராஸ்பெர்ரி பை இந்த எச்சரிக்கையைத் தருவது 4.63 வோல்ட்டுக்குக் கீழே போகும்போது.

2-ஆம் பின்னிலும் 6-ஆம் பின்னிலும் மல்டிமீட்டர் முனைகளை வைத்துக்கொண்டு மாமாவைச் சோதனைச் செய்தி அனுப்பச் சொன்னேன். 4.8-இல் இருந்த எண் சட்டென்று 4.5-க்கு இறங்கியது. கொட்டகையிலிருந்து இழுத்திருந்த நீளமான, மெல்லிய யுஎஸ்பி கேபிள்தான் காரணம். அதோடு உப்புக்காற்றில் அதன் முனை பச்சை பூத்திருந்தது. எழுதிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் அறுந்து அறுந்துதான் கார்டும் கெட்டு, டிவியில் பார்த்த அந்த மவுண்ட் பிழையும் வந்திருக்கிறது.

தடித்த குட்டைக் கேபிள், 5.1 வோல்ட் 3 ஆம்பியர் அடாப்டர், புதுக் கார்டு. இப்போது செய்தி போகும்போதும் மீட்டர் 5-ஐ ஒட்டியே நிற்கிறது.

படி 4: அடுத்த முறைக்கு

லேப்டாப்பைக் குட்டையிலேயே விட்டு வர முடியாது. அதற்காகக் கட்டளை வரியில் 'பேனிக்=10' சேர்த்தால் பேனிக் ஆன 10 விநாடியில் போர்டு தானே மறுபடி எழும். கூடவே கான்ஃபிக் கோப்பில் 'ராம்ஊப்ஸ்' ஓவர்லேயையும் (கூடுதல் அமைப்பு) போட்டுவிட்டால், கெர்னலின் கடைசி லாக் ராமின் ஒரு மூலையில் தங்கும். எழுந்தபின் பிஸ்டோர் (pstore) என்ற அடைவில் அதை எடுக்கலாம். பிளக்கைப் பிடுங்கினால் அதுவும் அழிந்துவிடும். மாமா இப்போது பிளக்குக்கு மேலே ஒரு அட்டையில் என் போன் நம்பரை எழுதி ஒட்டியிருக்கிறார்.