இருகை ஃப்ளை ராடுக்கு லைன் பொருத்துவது

ஃப்ளை ராட் என்பது செயற்கை ஈயை லைனின் எடையால் வீசும் தூண்டில் கோல்; இருகை ராடை இரண்டு கையாலும் பிடித்து வீச வேண்டும். ராடின் மேல் 7 என்று லைன் எடை வகுப்பின் எண் இருக்கிறது என்பதற்காக ஒருகை ராடுக்கான 7ஆம் எண் லைனை மாட்டாதீர்கள். அதன் முதல் 30 அடி 185 கிரெய்ன்தான் (கிரெய்ன் என்பது எடை அலகு; சுமார் 15.4 கிரெய்ன் ஒரு கிராம்). 13 அடி நீள, 7ஆம் எண் இருகை ராடுக்கு 500 கிரெய்னை ஒட்டிய எடை வேண்டும். எண்ணை விட்டுவிட்டு எடையைப் பாருங்கள்.

அடுத்தது ஹெட்டின், அதாவது லைனின் முன்பக்கம் வீசுவதற்கென உள்ள கனமான பகுதியின், நீளம். ஸ்காஜிட் என்ற குட்டை வகை ஹெட் ராடின் நீளத்தைப் போல் ஒன்றரை முதல் இரண்டு மடங்கு. அதே ராடுக்குச் சுமார் 525 கிரெய்ன். கனமான ஈயையும் ஹெட்டின் நுனியில் மாட்டும் மூழ்கும் முனையையும் தூக்க இதுதான் சரி. ஸ்காண்டி என்ற நீள வகை ஹெட் இரண்டரை முதல் மூன்று மடங்கு, எடை 40, 50 கிரெய்ன் குறைவு. 12 முதல் 15 அடி லீடரோடு (ஈயைக் கட்டும் மெல்லிய நரம்பு) சிறிய ஈக்கு ஏற்றது.

ஸ்காஜிட்டின் எடையில் மூழ்கும் முனை சேராது. டி-11 என்ற வகை மூழ்கும் முனை அடிக்கு 11 கிரெய்ன். 10 அடி என்றால் 110. அது தனிக்கணக்கு.

எடை அச்சிட்ட உறையில்லாத பழைய ஹெட்டா? சமையலறைத் தராசில் வையுங்கள். 34 கிராம் ஏறக்குறைய 525 கிரெய்ன்.

எடை குறைந்தால் ராட் வளையாது. கையை வேகமாக வீசத் தோன்றும், நங்கூரம் (வீசும் முன் தண்ணீரில் பிடித்து நிற்கும் லைன் நுனி) பிய்ந்து ஈ பின்னால் பறக்கும். கூடினால் ராட் அடிப்பிடி வரை வளைந்து சோம்பும், காற்றில் லைன் போடும் வளையம் அகன்று லைன் தண்ணீரில் தொப்பென்று விழும். இரண்டுக்கும் 30 கிரெய்ன் மாற்றிப் பார்ப்பதே மருந்து. பின்னால் மரங்கள் நெருங்கிய கரையில் மட்டும் எடையைத் தொடாமல், அதே எடையில் குட்டையான ஹெட்டை மாட்டுங்கள்.