பனி ஊரில் வெளிச்சுவருக்கு எது: வினைலா, ஃபைபர் சிமென்டா?

அமெரிக்காவின் மினியாபொலிஸ் மாதிரி குளிர் ஊரில், மரச்சட்ட வீட்டுக்கு வெளியே சைடிங் (வெளிச்சுவரை மூடும் பலகைகள்) மாற்ற ஆள் கூப்பிட்டால், முதலில் கலர் அட்டையைத்தான் நீட்டுவார்கள். அதை ஓரமாக வைத்துவிட்டு, அளவு டேப்போடு வெளியே வாருங்கள்.

படி 1: அடி விளிம்பை அளந்து பாருங்கள்

மண்ணுக்கும் சைடிங்கின் அடி விளிம்புக்கும் நடுவே எவ்வளவு இருக்கிறது? ஃபைபர் சிமென்டுக்குக் குறைந்தது 6 அங்குலமாவது வேண்டும். சிமென்ட், மணல், மரக்கூழ் நார் கலந்த பலகை அது. வெட்டிய விளிம்பு தண்ணீரை உறிஞ்சும். சுவரோரம் குவிந்த பனி பகலில் உருகி ராத்திரி உறைந்தால், உள்ளே போன நீர் விரிந்து, பலகை ஏடு ஏடாக உரியத் தொடங்கும். அதனால் வெட்டிய ஒவ்வொரு விளிம்புக்கும் பெயின்ட் பூசச் சொல்லுங்கள். பக்கத்திலேயே நின்று பார்ப்பது நல்லது!

படி 2: சாம்பிளை ஃப்ரீஸரில் வையுங்கள்

வினைல் ஒரு வகை பிளாஸ்டிக். தண்ணீருக்கு அசையாது, குளிருக்குத்தான் பயப்படும். சாம்பிள் துண்டை ஒரு ராத்திரி ஃப்ரீஸரில் வைத்து, எடுத்த கையோடு சுத்தியலால் தட்டுங்கள். மெலிந்த ரகம் சட்டென்று விரிசல் விடலாம். ஆலங்கட்டி மழை பெய்யும் ஊர் என்றால் தடித்த ரகமாகப் பாருங்கள்.

படி 3: ஆணியைச் சோதியுங்கள்

என்னைக் கேட்டால் வினைலில் முக்கால்வாசி விஷயம் இதுதான். 12 அடிப் பலகை கோடைக்கும் குளிருக்கும் இடையே அரை அங்குலம் வரை நீண்டு சுருங்கும். ஆணி, பலகையில் அதற்காக விட்டிருக்கும் நீள்துளையின் நடுவில் இருக்க வேண்டும். ஆணித்தலைக்குக் கீழே ஒரு டைம் (அமெரிக்கப் பத்து சென்ட்) நாணயத்தின் தடிமன் நுழையும் அளவு இடம் விட வேண்டும். இறுக்கி அடித்தால் வெயிலில் அலை அலையாக எழும்பும். மாட்டிய பலகையைக் கையால் இடமும் வலமும் தள்ளிப் பாருங்கள். நகர்ந்தால் சரி.

படி 4: கதகதப்பு

இரண்டுமே குளிரைத் தடுக்காது. பழைய சைடிங் கழன்றிருக்கும்போதே அடியில் ஃபோம் பலகை வைப்பதுதான் பலன் தரும்.

அப்புறம் செலவு. ஃபைபர் சிமென்ட் விலையும் கூலியும் அதிகம். கனமான பலகை, தூக்க இரண்டு பேர் வேண்டும். அறுக்கும்போது பறக்கும் சிலிக்கா தூசிக்கு மாஸ்க் கட்டாயம். ஆனால் தீப்பிடிக்காது. 6 அங்குலமும், பழகிய கையும், பணமும் இருந்தால் அதையே போடுவேன். பனியை வாரி வாரிச் சுவரில் சாய்க்கிற வீடென்றால், வினைல்.