பிரஷ் ஸ்கிரிப்ட் எழுத்துருவைப் பயன்படுத்தும் முறை

அமெரிக்கன் டைப் ஃபவுண்டர்ஸ் நிறுவனத்துக்காக ராபர்ட் ஸ்மித் 1942இல் வடிவமைத்த பிரஷ் ஸ்கிரிப்ட், மை தோய்த்த தூரிகையால் விரைந்து எழுதியதுபோல் வலப்புறம் சாய்ந்து, தடித்து நிற்கும் ஆங்கில எழுத்துரு. கடைப் பெயர், சுவரொட்டித் தலைப்பு போன்ற ஓரிரு சொற்களுக்கு மட்டும் இதைப் பயன்படுத்துங்கள். பத்தி பத்தியாக அச்சிட்டால் படிப்பவருக்குக் கண் வலிக்கும். சிற்றெழுத்து ஒவ்வொன்றின் வாலும் அடுத்ததன் தொடக்கத்தைத் தொடும்படி அமைந்திருப்பதால், எழுத்துகளுக்கு இடையே இடைவெளியைக் கூட்டினால் அந்த இணைப்பு அறுந்து, சொல் துண்டு துண்டாகத் தெரியும். பேரெழுத்துகள் தமக்குள் இணைவதில்லை என்பதால், அவற்றைச் சொல்லின் முதலில் மட்டும் வையுங்கள்; முழுப் பெயரையும் பேரெழுத்திலேயே அமைத்த பலகைகளை (அப்படியும் எத்தனையோ உண்டு) எழுத்துக் கூட்டித்தான் படிக்க வேண்டியிருக்கிறது. முகவரி, விலை முதலிய துணை வரிகளுக்குச் சாய்வற்ற எளிய எழுத்துரு ஒன்றே போதும். இன்னொரு கையெழுத்து வகையை அருகில் சேர்க்கவே கூடாது.